துறையா, தளமா? பலாலி விமான நிலையத்தின் எண்பது ஆண்டுகள்

1. கேள்வி

கொழும்புத்துறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வாசல்களின் பெயர்கள் ‘துறை’ என்றே முடிகின்றன. கொழும்புத்துறையில் தோணி ஏறினால் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிக் கரையை அடையலாம்; அங்கிருந்து வன்னி. காங்கேசன்துறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் தென்னிந்தியக் கரைகளுக்குப் பாய்க்கப்பல்கள் போய்வந்தன. துறை என்பது வெறும் இறங்குமிடம் அன்று. அங்கே ஓடம் கட்டுபவர் இருப்பார், ஓட்டத் தெரிந்தவர் இருப்பார், சரக்கு ஏற்றுபவர் இருப்பார். எப்போது புறப்படுவது என்பதைக் காற்றும் அவர்களுமே தீர்மானிப்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டு குடாநாட்டுக்கு இன்னொரு வாசலைத் தந்தது. கொழும்புத்துறையிலிருந்து யாழ் நகரைத் தொட்டுப் பலாலி வீதி வழியே வடக்கே போனால், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் தாண்டி வசாவிளானுக்கு அப்பால் அந்த வாசல் இருக்கிறது. வான்வழிப் போக்குவரத்துக்கான இந்த இடத்தைப் பேச்சிலும் எழுத்திலும் ‘தளம்’ என்கிறோம். விமானத்தளம், ஓடுதளம், படைத்தளம் என்ற மூன்று சொற்களிலும் அதே தளம்தான் வருகிறது.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி இதுதான்: பலாலி எக்காலத்திலாவது யாழ்ப்பாண மக்களின் துறையாக இருந்ததா? அல்லது தொடக்கம் முதல் தளமாகவே இருந்து, இடையிடையே மக்களுக்கு இரவல் கொடுக்கப்பட்டதா?

2. நிலவும் மூன்று வாசிப்புகள்

பலாலியைப் பற்றிப் பொதுவெளியில் மூன்று கதைகள் உலவுகின்றன. முதலாவது, பொற்காலக் கதை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் காலையில் பிளேன் ஏறித் திருச்சிக்கோ சென்னைக்கோ போய், சேலை வாங்கி, படம் பார்த்துத் திரும்பினோம் என்று மூத்த தலைமுறை சொல்லும் கதை. இரண்டாவது, பறிப்பின் கதை. 1990க்குப் பின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு வளவை இழந்தவர்களுக்குப் பலாலி என்பது விமானத்தின் பெயரன்று, முட்கம்பி வேலியின் பெயர். மூன்றாவது, 2019க்குப் பின் அரச மேடைகளில் ஒலிக்கும் அபிவிருத்திக் கதை. அதன்படி சர்வதேச விமான நிலையம் வடக்கின் பொருளாதாரத்துக்குத் திறந்த கதவு.

மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றுக்கும் ஒரே குறையும் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த ஆண்டிலிருந்து கதையைத் தொடங்குகிறது. பொற்காலக் கதைக்குத் தொடக்கம் 1947, பறிப்பின் கதைக்கு 1990, அபிவிருத்திக் கதைக்கு 2019. ஓடுதளம் ஏன் அங்கே போடப்பட்டது என்ற முதற்கேள்வி மூன்றுக்கும் வெளியே நிற்கிறது. அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

3. ஒரே போர், இரண்டு கட்டுமானங்கள்

இரண்டாம் உலகப் போரில், 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. வங்காள விரிகுடா ஒரே மாதத்தில் போர்முனையாயிற்று. மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பருக்கு இலங்கையே முதன்மையான மூலமாக எஞ்சியது. கொக்கலை, சீனன்குடா, மின்னேரியா, சிகிரியா, புத்தளம், வவுனியா எனத் தீவெங்கும் பிரித்தானிய றோயல் விமானப்படையின் தளங்கள் இயங்கின. பலாலியில் எழுந்த தளம் அவற்றுள் ஒன்று. படை ஆவணங்களில் அதற்குக் காங்கேசன்துறை என்றே பெயர்.

இடத்தேர்வுக்குக் காரணங்கள் தெளிவு. சுண்ணக்கல்லின் மேல் படிந்த செம்மண் பூமி. மேடு பள்ளம் குறைவு, மழைநீர் தேங்காமல் உடனே கீழிறங்கிவிடும். அருகில் துறைமுகமும் புகையிரதத்தின் கடைசி நிலையமும் இருந்தன. வடக்கே வெளி கடல். 1944 ஓகஸ்டில் 160ஆம் அணியும் 1945 தொடக்கத்தில் 203ஆம் அணியும் இங்கே வந்தன. இரண்டும் நான்கு இயந்திர லிபரேட்டர் விமானங்களை வைத்திருந்தவை. வங்காள விரிகுடாவின் மேல் நெடுந்தூரம் பறந்து வேவு பார்ப்பதும் நீர்மூழ்கிகளைத் தேடுவதும் அவற்றின் பணிகளில் முக்கியமானவை. 1946இல் இரண்டும் பிரித்தானியாவுக்குத் திரும்பின.

இதே போர் பெங்களூரில் வேறொன்றைக் கட்டியது. 1940 டிசம்பர் 23இல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் பங்களிப்பாலும் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பதிவானது. மறு ஆண்டு ஓகஸ்டிலேயே ஹார்லோ வகைப் பயிற்சி விமானம் அங்கே பொருத்தப்பட்டுப் பறந்தது. 1951இல் பொறியியலாளர் கட்கேயின் குழு வடிவமைத்த எச்.ரி.-2 விமானம் பறந்தது. பொருத்துவதிலிருந்து வடிவமைப்புக்குப் போகப் பத்தே ஆண்டுகள். அத்தொழிற்சாலையின் ஓடுதளமே பின்னாளில் பெங்களூர் நகரின் விமான நிலையமாகிப் பல பதிற்றாண்டுகள் இயங்கியது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதியது திறந்ததும் வழமையான பயணிகள் சேவை அங்கே நின்றது, தொழிற்சாலை நிற்கவில்லை.

பெங்களூருக்குத் தொழிற்சாலை, பலாலிக்கு ஓடுதளம் மட்டும் ஏன்? யாழ்ப்பாணத்தில் கைவினைத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளாலேயே செலுத்தப்பட்டு, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்திலாந்திக்கைக் கடக்கும் கலத்தைக் கட்டத் தெரிந்த ஊர், பலாலிக்குச் சில கிலோமீற்றர் கிழக்கே இருந்தது.

வேறுபாடு திறனில் இல்லை. போர் அந்தந்த இடத்துக்கு ஒதுக்கிய வேலையில் இருக்கிறது. தொழிற்சாலையைக் கடலிலிருந்து தள்ளி, மின்சாரமும் இயந்திரப் பட்டறைகளும் அரச முதலீடும் உள்ள பின்னிலத்தில் வைப்பார்கள். ஓடுதளத்தை எதிரிக்குக் கிட்டவாக, நிலத்தின் விளிம்பில் வைப்பார்கள். பெங்களூர் பின்னிலம், பலாலி விளிம்பு. பின்னிலத்தில் போர் முடிந்த பிறகும் தொழிலாளரும் பயிற்சிப் பள்ளியும் அறிவும் தங்கும். விளிம்பில் தங்குவது தார் படிந்த ஒரு பட்டை நிலம். விளிம்பு என்ற அந்தத் தகுதியே பிறகு வந்த ஒவ்வோர் அரசுக்கும் பலாலியைத் தேவைப்பட வைத்தது என்பது என் வாதம்.

4. பயணச்சீட்டுக் காலம்: 1947 – 1978

பொற்காலக் கதைக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10இல், சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன், இரத்மலானையிலிருந்து புறப்பட்டு காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நாட்டின் தேசிய விமான சேவை தன் முதல் பறப்பிலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கியது. நிறுவனத்தின் மூன்று டக்கோட்டா விமானங்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என அரசிகளின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. வரலாற்றுச் சிறப்பு மிக்க முதற்பறப்பு சீதாதேவிக்கு வாய்த்தது.

புவியியலும் அக்கதைக்குத் துணை நிற்கிறது. பலாலியிலிருந்து திருச்சி வானவழியில் 200 கிலோமீற்றருக்குள். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். சென்னையும் கொழும்பும் ஏறத்தாழ ஒரே தூரம். தலைநகரத்தை விடத் திருச்சி கிட்டவாக உள்ள ஊருக்குத் திருச்சிப் பிளேன் ஆடம்பரமன்று. பழைய பாய்க்கப்பல் வழியின் தொடர்ச்சி.

ஆயினும் மூன்று விடயங்கள் அக்கதையைக் கட்டுப்படுத்துகின்றன. முதலாவது, அது எல்லோருடைய கதையுமன்று. பயணச்சீட்டு வாங்க வசதி உள்ளவர்களின் கதை. இரண்டாவது, கட்டுப்பாடு முழுவதும் கொழும்பில் இருந்தது. எந்த நாள், எத்தனை விமானம், எந்த ஊருக்கு என்பதில் யாழ்ப்பாணத்துக்குச் சொல் இல்லை. துறையில் ஓடக்காரன் இருப்பான். இங்கே பயணி மட்டுமே இருந்தான். மூன்றாவது, பெயர். அட்டவணையில் காங்கேசன்துறை என்றிருந்தபோதும், விமானம் இறங்கிய மண் பலாலியுடையது. பெயரில் துறை இருந்ததே தவிர, துறைக்குரிய ஊர் அங்கே உருவாகவில்லை.

அக்காலமும் முடிவுக்கு வந்தது. 1978 செப்ரெம்பர் 7இல், யாழ்ப்பாணத்திலிருந்து பயணிகளைக் கொண்டுவந்து இரத்மலானையில் இறக்கிய அவ்ரோ விமானம் ஒன்று, அங்கே தரித்து நின்றபோது வெடிகுண்டால் அழிந்தது. பயணிகள் ஏற்கெனவே இறங்கியிருந்தனர். சிறிது காலத்தில் எயார் சிலோனும் மூடப்பட்டது. 1979இல் அதன் இடத்துக்கு எயார் லங்கா வந்தது. திருச்சிப் பயணம் நினைவாகச் சுருங்கியது.

5. ‘பிளேன்’ பொம்பராகிய காலம்

ஒரு வாசலின் இயல்பு மாறியதை மக்கள் மொழி ஆவணங்களுக்கு முன்பே பதிந்து வைக்கும். ஐம்பதுகளின் யாழ்ப்பாணத்தில் ‘பிளேன்’ என்ற சொல்லுக்கு ஏறுதல் என்ற வினை சேர்ந்திருந்தது: பிளேன் ஏறினான், பிளேன் ஏற்றிவிட்டு வந்தேன். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சொற்கள் வேறு: பொம்பர், ஹெலி, சியாமாசெட்டி, சுப்பர்சொனிக். இத்தாலிய விமானமான சியாய் மார்க்கெட்டி, செட்டியார் ஒருவரின் பெயரைப் போலக் குழந்தைகளின் வாயில் புரண்டது. இச்சொற்களோடு சேர்ந்த வினைகள் சுற்றுதல், பதிதல், போடுதல். சேர்ந்த பெயர்ச்சொல் பங்கர். சத்தத்தைக் கேட்டே எந்த வகை, எந்தத் திசை என்று சொல்லும் ஆறு வயதுப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பெங்களூரில் விமானத்தைப் பற்றிய அறிவு பட்டறையில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அது பதுங்குகுழியில் வளர்ந்தது.

நிகழ்வுகளின் வரிசை இதை உறுதிசெய்கிறது. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை உடன்படிக்கையின் மறுநாள் இந்திய அமைதிப்படை பலாலியில்தான் வந்திறங்கியது. அக்டோபர் 5இல், இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்படவிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிரண்டு விடுதலைப் புலிகள் நஞ்சருந்தி இறந்ததும் இதே தளத்தில்தான். ஒரு வாரத்துக்குள் யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியப் படையினரை இறக்கிய ஹெலிகள் புறப்பட்டதும் இங்கிருந்தே. 1995 ஏப்ரல் 28, 29ஆம் நாள்களில் இரு அவ்ரோ விமானங்கள் பலாலியை அண்டி ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன.

இக்காலத்திலும் பொதுமக்கள் பலாலியில் விமானம் ஏறினார்கள் என்பது உண்மை. 1996இல் குடாநாடு அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின், தரைப்பாதை அடைபட்டிருக்க, தெற்கே போகக் கப்பலும் விமானமும்தான் வழி. பாஸ் எடுத்து, சோதனை கடந்து, படைத்தளத்துக்குள் நுழைந்தே பயணி விமானத்தைக் காண முடியும். 1998 செப்ரெம்பர் 29இல் இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன்எயார் அன்ரனோவ் விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். ஏவுகணைத் தாக்குதலே காரணம் என்று கொள்ளப்படுகிறது. விடுதலைப் புலிகள் மீதே பொறுப்புச் சுமத்தப்பட்டது. படைத்தளத்தின் ஊடாகப் பயணம் செய்யும் குடிமகன் அத்தளத்தின் ஆபத்தையும் சேர்த்தே சுமக்கிறான் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. பொறுப்பு எவருடையதாயினும், அந்தப் பயணிகளுக்குத் தரைவாசல் திறந்திருக்கவில்லை.

6. பரப்புக் கணக்கு

இதுவரை விமானங்களைப் பார்த்தோம். இனி மண்ணைப் பார்க்க வேண்டும். விமானங்கள் வந்து போய்விடும். நிலம் அங்கேயே கிடக்கிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களிலிருந்து பல்லாயிரவர் வெளியேறினர். பலாலி ஆசிரியர் கலாசாலையும் வசாவிளான் மத்திய கல்லூரியும் இடம்பெயர்ந்தன. வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் கோணப்புலம், சபாபதிப்பிள்ளை, கண்ணகி போன்ற முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர்.

2013 ஏப்ரலில் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வெளியானது. படைத் தேவைக்காக 6,381 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்படும் என்றது அது. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணம். அவ்வுரிமையாளர்களோ சில கிலோமீற்றர் தெற்கே, அரசின் பங்கீட்டு அட்டைகளில் பெயர் பதிந்திருந்த முகாம்களில் இருந்தனர். ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர்.

ஏக்கர் என்பது அரசின் அளவு. யாழ்ப்பாணத்தில் காணி பேசப்படுவது பரப்பில். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. ஆக 6,381 ஏக்கர் என்பது ஒரு லட்சத்து ஈராயிரம் பரப்பு. ஒரு யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை விரித்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் விளங்கும். காணியின் பெயர், இத்தனை பரப்பு, கிழக்கு எல்லை இன்னாரது, வடக்கு எல்லை இன்னாரது என்று போய், கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்காலில் உரிமை என்று முடியும். நாலைந்து குடும்பங்கள் ஒரு கிணற்றை முறைவைத்து இறைத்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாழையும் செய்த செம்மண் தோட்டங்கள் அவை. எல்லையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் இன்னொருவரின் உறுதிக்குச் சாட்சி. அவர்கள் யாவரும் ஒரே நாளில் எழுந்து போனால், போவது காணி மட்டுமன்று. காணியை அடையாளம் காட்டும் அயலும் போய்விடும்.

இந்நிலம் முழுவதும் விமான நிலையத்துக்குத் தேவையானதா? ஒரு சிறு கணக்குப் போடலாம். பலாலி ஓடுதளத்தின் நீளம் சுமார் 2.3 கிலோமீற்றர். அதன் இருபுறப் பாதுகாப்புப் பட்டையையும் சேர்த்து 300 மீற்றர் அகலம் என்று தாராளமாகவே வைத்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 170 ஏக்கர். முனையம், தரிப்பிடம், எரிபொருள், வருங்கால நீட்டிப்பு எல்லாவற்றுக்குமாக அதைப் பத்து மடங்காக்கினாலும் 1,700 ஏக்கர். அறிவித்தல் கேட்டதோ அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். அவ்வெல்லைக்குள் காங்கேசன்துறை, மயிலிட்டிக் கரைகளும் அடங்கின என்பதைக் கழித்துக்கொண்டாலும் முடிவு மாறாது. நிலத்தின் அளவைத் தீர்மானித்தது விமானத்தின் தேவை அன்று.

‘விமான நிலையம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே காணியையும் திருப்பிக் கேட்பது முரண்’ என்ற வாதத்துக்கு இக்கணக்கே பதில். இரண்டும் சேர்ந்து இயலும். சேராதிருப்பது விமான நிலையமும் வீடுமல்ல, படைத்தளமும் வீடும்.

7. 2019க்குப் பின்

2015இலிருந்து பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. வளலாய் அவ்வாண்டிலும், மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையிலும் திரும்பின. 2019 அக்டோபர் 17இல் பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்ற மூன்றாவது பெயரைப் பெற்றது. நவம்பர் 11இல் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12இல் மீண்டது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ விமான நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் திருச்சிப் பிளேன் திரும்பியிருக்கிறது.

இதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. மருத்துவத்துக்கும் கோவிலுக்கும் கலியாணச் சேலைக்கும் கொழும்பு போய்ச் சுற்றாமல் ஒரு மணித்தியாலத்தில் தமிழகத்தை அடைவது உண்மையான விடுதலை. புலம்பெயர்ந்தோர் கட்டுநாயக்காவில் இறங்கி எட்டு மணித்தியாலம் வாகனத்தில் வருவதற்கு மாற்று ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் அபிவிருத்திக் கதை சொல்லாமல் விடுவது, இது இரண்டாவது பொற்காலமாக அல்ல, முதற்காலத்தின் மறுபதிப்பாகவே இருக்கிறது என்பதை. சேவை தொடங்குவதும் நிற்பதும் கொழும்பிலும் டெல்லியிலும் முடிவாகின்றன. உள்ளூரில் விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கூடம் ஒன்றில்லை. கப்பல் கட்டிய வல்வெட்டித்துறை மேத்திரிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே பயணச்சீட்டு உண்டு, பட்டறை இல்லை.

8. முடிவுரை

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வாசிப்புகளும் திருத்தம் கோருகின்றன. பலாலி முதலில் குடிசார் விமான நிலையமாக இருந்து பிறகு படையால் பறிக்கப்பட்டது அன்று. அது போரின் பிள்ளையாகவே பிறந்தது. 1947 முதல் 1978 வரையிலான காலம் அதன் இயல்பு நிலை அன்று; இரண்டு போர்களுக்கு நடுவே கிடைத்த இடைவேளை. 1990இன் பறிப்பும் திடீர் விபத்தன்று. விளிம்பு நிலத்தை விளிம்பாகவே கையாளும் நெடிய வழக்கத்தின் உச்சம். 2019 அவ்வழக்கத்தை இன்னும் முறிக்கவில்லை.

எனவே கேள்விக்கு என் விடை: பலாலி இதுவரை துறையாக இருந்ததில்லை. ஆக முடியாதது என்று பொருளில்லை. அதற்கு மூன்று வேண்டும். ஓடுதளத்துக்கு உண்மையில் தேவையான நிலம் எவ்வளவு என்பதைப் பகிரங்கமாக வரையறுத்து, மிச்சத்தை உறுதிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். எடுத்த நிலத்துக்கு ஈடு வழங்க வேண்டும். சேவையிலும் தொழிலிலும் பயிற்சியிலும் குடாநாட்டுக்குச் சொல் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை.

2025 ஏப்ரல் 10இல், சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி திறக்கப்பட்டது. திறந்தபோது காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை பயணிக்க அனுமதிக்கப்பட்டது. இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பன நிபந்தனைகளாக இருந்தன. நடந்து செல்ல அனுமதி இருக்கவில்லை.